ஐந்தாம் அலகின் கடைசி வரி

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை எட்டுக்கே வெயில் சுள்ளென்று. மேல்காற்று வேறு. ஆய்வகச் சன்னல் அடித்து அடித்து ஒரு கண்ணாடி போயிற்று.

வேலைகள்: இன்டர்னல் மார்க் ஏற்ற. சன்னலுக்கு அட்டை. தயிர்.

மூன்றாமாண்டு பி.எஸ்சி. பாடத்திட்டம், ஐந்தாம் அலகு, கடைசி வரி: 'ஒலிஃபின் மெட்டாதிசிஸ் பாலிமரைசேஷன், ஓர் அறிமுகம்.' சின்னச் சின்ன மூலக்கூறு வளையங்கள் திறந்து நீளச் சங்கிலியாகச் சேர்கிற வினை. (இனி மெ.பா. முழுசாக எழுதினால் கை வலிக்கிறது.) ஒரே வரிதான். ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் பத்து மதிப்பெண் கேள்வி அதிலிருந்து வந்துவிடுகிறது. போன வருடப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவர்கூட அதைத் தொடவில்லையாம். நடத்தினால்தானே தொடுவார்கள்.

துறைத் தலைவர் சங்கரபாண்டியன் சாரிடம் சொன்னேன். நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஒரு வரிதான? விட்ருங்க. வேற கேள்விய எழுதிட்டுப் போவட்டும். ஒரு வருஷமும் நாம அத நடத்துனதில்ல."

"இந்த வருஷம் நடத்தலாம்னு இருக்கேன் சார்."

"தேவையில்லாத சோலி. பாத்துக்கோங்க. உங்க ரினியூவலுக்கு நான்தான எழுதணும்."

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவர் குரலே அப்படித்தான். ஆனாலும் என் வேலை நிரந்தரமில்லை. கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் உண்டா என்று பார்த்துக்கொண்டே ஆறு வருடம்.

ஆராய்ச்சி செய்த நாலு வருடமும் இந்த வினையோடுதான் குடித்தனம் நடத்தினேன். பட்டம் வாங்கி ஊருக்கு வந்தபிறகு அந்தப் பெயரை ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. இன்று சொன்னபோது நாக்குத் தடுமாறியது. அதுதான் உறைத்தது.

நடத்துகிறேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

முதல் வகுப்பு. படுதோல்வி.

பலகை முழுக்க வாய்ப்பாடு. ருத்தேனியம், கார்பன், இரட்டைப் பிணைப்பு, வளைந்த அம்புக்குறிகள். முப்பத்தொரு பேரும் தலை நிமிராமல் எழுதினார்கள். நானும் திரும்பிப் பார்க்காமல் எழுதினேன். நாற்பது நிமிடம் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

மணி அடித்தபின் வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம், அதே வகுப்பு மாடசாமியின் குரல்: "எனக்கு ஒரு எழவும் வெளங்கல மக்கா. அம்புக்குறி அங்கன போவுது, இங்கன வருது. பஸ் ஸ்டாண்டு மாரி இருக்கு."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

ஆனால் ஒன்று. வகுப்பு முடிகிற நேரம் முப்பிடாதி எழுந்தாள். பனவடலிசத்திரத்திலிருந்து வருகிற பெண். முதல் பஸ்ஸில் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்வாள். இரண்டு வருடமாக வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"மிஸ், ஒரு இரட்டைப் பிணைப்பு போயி இன்னொரு இரட்டைப் பிணைப்புதான வருது? குடுத்ததும் வாங்குனதும் ஒண்ணுதான? அப்பம் அது என்னத்துக்கு நடக்கணும்?"

இந்த வினையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். நான் ஆராய்ச்சியில் சேர்ந்து எட்டு மாதம் கழித்துத்தான் அதைக் கேட்டேன். "வளையத்தில் இறுக்கம் இருக்கிறது, அது தளர்கிறது" என்று பலகையைப் பார்த்தே சொன்னேன். தலையாட்டினாள். புரிந்து ஆட்டிய தலை இல்லை. உட்கார்ந்துகொண்டாள்.

அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் அது கேட்டுக்கொண்டிருந்ததே தெரிகிறது.

வகுப்பு இல்லை. சபீனாவுக்கு போன். ஆராய்ச்சிக் காலத்தில் என் பக்கத்து மேசைக்காரி. இப்போது வெளியூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். எடுத்ததும், "என்னட்டி, உயிரோடதான் இருக்கியா?"

விஷயத்தைச் சொன்னேன். ருத்தேனியம் உள்ள வினையூக்கி கொஞ்சம் கிடைக்குமா என்றேன். ஊதா நிறத்து முதல் தலைமுறைச் சரக்கு, ஐம்பது மில்லிகிராம் போதும்.

"எங்க சார்ட்ட கேட்டுட்டு அனுப்புதேன். ஆனா நீ பழைய மாரி பதறிட்டு நிக்கக்கூடாது, கேட்டியா?"

மோனோமர், அதாவது சங்கிலியாகக் கோக்கவேண்டிய சரக்கு, நம்மிடமே இருக்கிறது. டைசைக்ளோபென்டாடையீன். வேறு ஒரு செய்முறைக்கு வாங்கி, யாரும் திறக்காமலே அலமாரிக்குள் கிடந்தது. மூடியைத் திருகியதும் சூடம் அழுகினால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வாடை. ஆய்வக உதவியாளர் வேலம்மாள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத வச்சா பிள்ளையளுக்கு நடத்தப் போறிய?" என்றார்.

சாயங்காலம். மாடியில் காய்ந்த போர்வையை மடிக்க இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஆளுக்கு இரண்டு முனை. கையைப் பார்த்தேன். எனக்கு இரண்டு கை, அவருக்கு இரண்டு கை, நடுவே இரண்டு பிடிமானம். இரட்டைப் பிணைப்பு!

போர்வையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "என்னாச்சு, பிடிச்சுக்கிட்டே நிக்க?" என்றார் இவர். சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "சரி, இப்பம் மடிப்பமா?"

ஒரு சிக்கல். பையன்களையும் பெண்பிள்ளைகளையும் இந்த ஊரில் கையோடு கை பிடிக்க வைக்க முடியாது. இடையில் ஏதாவது வேண்டும். துண்டு! மாடசாமி வீட்டில் தறி ஓடுகிறது. கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மாடசாமி கட்டாகத் துண்டு கொண்டுவந்துவிட்டான். கரை சரியில்லாமல் ஒதுக்கியவை. "எத்தன வேணும்னாலும் எடுத்துக்கோங்க மிஸ். எங்கய்யா என்னத்துக்குனு கேட்டாவ. கெமிஸ்ட்ரிக்குனு சொன்னேன். ஒண்ணும் சொல்லல."

வேப்பமரத்தடியில் வகுப்பு.

ஆளுக்கு இரண்டு கை, ஒரு கையில் ஒரு துண்டு. இருவர் நடுவே இரண்டு துண்டு என்றால் இரட்டைப் பிணைப்பு. மாடசாமி ருத்தேனியம், நெஞ்சில் ஊதாக் காகிதம் குத்தியாயிற்று. அவனோடு ஒரு கார்பன். எதிரே கார்பன் ஜோடி ஒன்று. நாலு பேரையும் நெருங்கி வரச் சொல்லி, ஒவ்வொருவரும் ஒரு கைத் துண்டை மட்டும் பக்கத்து ஆளுக்கு மாற்றச் சொன்னேன். சதுரம் ஆயிற்று. நாலு பேர், நாலு துண்டு, யார் கையும் காலி இல்லை. நேற்று முன்தினம் பலகையில் அரைமணி நேரம் வரைந்த நாலு அணு வளையம் அது. அரை நிமிடத்தில் தரையில் நின்றது.

"இப்பம் மத்த பக்கமாப் பிரிங்க."

பிரிந்தார்கள். ஜோடி மாறிவிட்டது. பின்னாலிருந்து ஒருத்தி, "அட, இவ்வளவுதானா?"

இவ்வளவுதான் என்றேன்.

அடுத்து வளையம். ஆறு பேரை இடுப்போடு குட்டைத் துண்டால் பிணைத்து நெருக்கி நிறுத்தினேன். முதுகும் முழங்கையும் இடிக்க, காலை ஊன்ற இடமில்லாமல் சாய்ந்து சாய்ந்து நின்றார்கள். முப்பிடாதியும் அதில். இடுப்பில் பிணைக்காமல் கையில் மட்டும் இரண்டு துண்டு பிடித்த ஜோடியில் அவள் ஒருத்தி. மாடசாமி தன் கார்பனோடு வந்து சதுரம் போட்டுப் பிரித்தான். வளையம் ஒரு பக்கம் விட்டுத் திறந்து, ஆறு பேரும் வரிசையாக நீண்டு நிமிர்ந்தார்கள். "அப்பாடா" என்று நாலைந்து குரல் ஒன்றாக.

முப்பிடாதி என்னைப் பார்த்தாள்.

"மிஸ், இனி யாரு அந்த வளையத்துக்குள்ள திரும்பப் போவா?"

"யாரும் போகமாட்டாங்க. அதான் நீ கேட்டதுக்குப் பதில்."

"ருத்தேனியம் இன்னும் ஓரத்துல நிக்கானே?"

"நிப்பான். அடுத்த வளையம் வந்தா அதையும் திறப்பான். சங்கிலி வளர்ந்துக்கிட்டே போகும்."

வளர்த்தோம். மூன்று வளையம். வேப்பமரத்திலிருந்து சைக்கிள் கொட்டகை வரைக்கும். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர். சந்தோஷம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

முதல்வர் மேடம் அறைக்கு அழைப்பு. 10.15.

நேற்று எவனோ வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான். 'கெமிஸ்ட்ரி கும்மி' என்று தலைப்பு. அது பனவடலிசத்திரம் வரைக்கும் போயிருக்கிறது. முப்பிடாதியின் அப்பா பேச்சிமுத்து முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். மொபெட்டில் வந்த வேகம், வேட்டியில் கரிசல் புழுதி. சங்கரபாண்டியன் சார் ஓரத்தில் நின்றார். மேடம் கையில் போன்.

"என்னம்மா இது?" என்றார் மேடம்.

நான் வாய் திறக்கும் முன்னே பேச்சிமுத்து: "என் மவள படிக்க அனுப்புனேனா, பயலுவளோட துண்டப் பிடிச்சு ஆட அனுப்புனேனா? ஊருல தல காட்ட முடியல. இன்னைக்கே டி.சி.ய வாங்கிட்டுக் கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணாச்சி, அது பாடம்," என்றேன்.

"துண்டு பிடிக்கதா பாடம்?"

சார் என்னைப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தார். ஆறு வருடம் இந்த அறையில் முடிகிறது என்று நினைத்தேன்.

மேடம் முப்பிடாதியைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தாள். அப்பாவைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். மேடம் கேட்டார், "நேத்து மரத்தடியில என்ன நடந்துச்சு, நீயே சொல்லு."

மேடம் மேசையிலிருந்து நாலு பேனாவை எடுத்து, துண்டுக்குப் பதிலாக அடுக்கினாள்.

ஐந்து நிமிடம் சொன்னாள். இரட்டைப் பிணைப்பு, சதுரம், ஜோடி மாறுவது, வளையம் ஏன் திறக்கிறது, திறந்தபின் ஏன் மூடாது. எல்லாம் தமிழில், அவள் ஊர்த் தமிழில். வாய்ப்பாடு ஒன்று கேட்டார் மேடம் (அவர் இயற்பியல்). எழுதிக் காட்டினாள். அம்புக்குறி சரியாகப் போயிற்று.

பேச்சிமுத்து மேசையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏட்டி, இதெல்லாம் எப்பம் படிச்ச?"

"நேத்துத்தாம்ப்பா. அந்தத் துண்டுலதான்."

அவர் எழுந்துவிட்டார். "ஆம்பளப் பயலுவ தனியா, பொட்டப் பிள்ளையள் தனியா நிறுத்தியிருக்கலாமே டீச்சர்" என்றார். கோபம் பாதியாகியிருந்தது. இனி அப்படியே செய்கிறேன் என்றேன். அவர் பயமும் நிஜம்தான். வீடியோ வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். டி.சி. பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

மேடம்: இனி வகுப்பில் போன் கூடாது. என்ன செய்தாலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். 'திங்கள், 11.40, மெ.பா. செய்முறை விளக்கம், ஆய்வக வராந்தா.'

"நானும் வரேன்," என்றார்.

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினேன். இரண்டு முறை.

ஆகஸ்ட் 23, சனி

மேகம். மழை இல்லை.

பஸ் ஸ்டாண்டில் பார்சல் வாங்கினேன். ஐஸ் பைக்குள் சுண்டுவிரல் அளவு குப்பி. அடியில் ஊதாப் பொடி. சபீனா சீட்டு வைத்திருக்கிறாள்: 'பதறாதே.'

கல்லூரிக்குப் போய் ஃபிரிட்ஜில் வைத்தேன். வேலம்மாள் அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன், ஸ்விட்சைத் தொடவே கூடாது என்று. "சாமி குத்தம் மாரி சொல்லுதிய" என்றார்.

மல்லிகை, தக்காளி, சின்னவளுக்கு ஸ்கூல் ஷூ. வரும் வழியில் செய்முறையை வாயில் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன் போல. பூக்காரம்மா, "என்ன டீச்சர், ஜெபமா?"

ஆகஸ்ட் 25, திங்கள்

எழுத மனமில்லை. எழுதுகிறேன்.

வராந்தாவில் மேசை, எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. முப்பத்தொரு பேர், முதல்வர் மேடம், சங்கரபாண்டியன் சார். தடித்த சோதனைக்குழாயில் பத்து மில்லி மோனோமர். வினையூக்கிக் கரைசலை ஊற்றினேன். கலக்கினேன். காத்திருந்தோம்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். இருபது. தண்ணீர் மாதிரியே இருந்தது. வாடை மட்டும் வராந்தா முழுக்க.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "பரவாயில்லம்மா" என்று போய்விட்டார். அந்தப் 'பரவாயில்ல'வைத்தான் தாங்க முடியவில்லை. சார் கடைசிவரை நின்றார். மாடசாமி மெதுவாக, "டெமோதான மிஸ், விடுங்க" என்றான்.

எல்லோரும் போனபின் கரைசல் குப்பியைப் பார்த்தேன். ஊதா இல்லை. கறுத்த பழுப்பு.

காரணம் எனக்குத் தெரியும். பொடியாக இருக்கும்வரை அது பிழைத்திருக்கும். கரைத்துவிட்டால் உடனே பயன்படுத்த வேண்டும். நான் ஒன்பது மணிக்கே கரைத்து, அட்டை வைத்த சன்னலோரம் வெக்கையில் வைத்துவிட்டேன். ஏன்? மேடம் முன்னால் எடைபோட்டால் கை நடுங்கும் என்று பயம். அதற்காக முன்னாலேயே செய்து வைத்தேன். ஆராய்ச்சிக் காலத்திலும் இதே தப்பைத்தான் செய்திருக்கிறேன், இதே காரணத்துக்காக.

பாதிப் பொடி மிச்சம் இருக்கிறது.

மேடத்துக்குக் கடிதம் எழுதினேன். 'நாளை 11.40, மறுபடியும்.' காரணம் என்ற இடத்தில்: 'என் தவறு.'

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விடியலில் சாரல். குற்றாலம் பக்கத்து ஈரக்காற்று இங்குவரை. மோனோமர் பாட்டில் உறைந்து நெய் மாதிரி இருந்தது. வெந்நீரில் வைத்து இளக்கினேன். வேலம்மாள் அக்கா, "இன்னைக்குச் சோறு வடிச்ச மாரிதான்" என்றார். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. நல்லதாகத்தான் இருக்கும்.

முதலில் பிள்ளைகளிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். வினையூக்கி செத்தது, கொன்றது நான், இன்ன காரணத்தால். பலகையில் எழுதிப்போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு தராசு. முப்பிடாதியைக் கூப்பிட்டேன். "நீ எடை போடு."

"நானா மிஸ்? சிந்திட்டுன்னா?"

"சிந்தினா மிச்சத்த வச்சுப் பண்ணுவோம்."

சிந்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டாள். மேடம் வந்திருந்தார். சாரும். கரைத்த உடனே ஊற்றினேன். ஊதா மெல்ல மெல்ல ஆரஞ்சாக மாறியது. கண்ணாடிக் குச்சியால் கலக்கினான் மாடசாமி.

இரண்டு நிமிடம். ஒன்றுமில்லை.

"மிஸ், குச்சி கனக்கு," என்றான் மாடசாமி.

தேன் மாதிரி ஆயிற்று. பிறகு களி. குச்சியை எடுக்கச் சொல்லுமுன்னே குச்சி உள்ளே நின்றுவிட்டது. குழாயிலிருந்து வெள்ளைப் புகை. "தள்ளுங்க தள்ளுங்க!" என்று நான் கத்த, எல்லோரும் பின்னால் சாய, புகை நின்று, குழாய்க்குள் பழுப்புக் கண்ணாடி மாதிரி ஒரு திடம்.

ஆறியபின் குழாயைத் துணியில் சுற்றி உடைத்து எடுத்தோம். கை கையாக மாறிப் போயிற்று. மாடசாமி தரையில் ஓங்கிப் போட்டான். உடையவில்லை. மேடம் வாங்கி மேசையில் தட்டிப் பார்த்தார், டக் டக் என்று. "நேத்து நான் போனது தப்பு" என்றார், என்னிடம் மட்டும்.

வண்டி பம்பர், பெரிய தொட்டி எல்லாம் இதில் செய்வார்கள் என்று சொன்னேன். கேள்விகள் இருபத்தைந்து நிமிடம். அடுத்த வகுப்புக்கு வந்த கணக்கு சார் வாசலிலேயே நின்றார்.

சபீனாவுக்குப் படம் அனுப்பினேன். பதில்: 'அல்ஹம்துலில்லாஹ். குச்சிய எடுத்திருக்கலாம்ல, மக்கு.'

ஆகஸ்ட் 28, வியாழன்

வகுப்புத் தேர்வு. பத்து மதிப்பெண், மெ.பா. மட்டும். 'அல்லது' கிடையாது.

முப்பத்தொரு தாள். வெற்றுத்தாள் ஒன்றுகூட இல்லை. நாலு பேர் சதுரத்தில் தப்பு. இரண்டு பேர் ருத்தேனியத்தை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். மாடசாமி ஏழு. முப்பிடாதி பத்து, ஆனால் மூன்று எழுத்துப்பிழை.

மத்தியானம் திருத்திக்கொண்டிருந்தேன். ஸ்டாஃப் ரூமில் வேறு யாருமில்லை. சங்கரபாண்டியன் சார் வந்து எதிரே உட்கார்ந்தார். தாள்களைப் புரட்டினார். முப்பிடாதியின் தாளை வெகுநேரம் பார்த்தார். ரினியூவல் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து, பேனாவை மூடி வைத்தேன்.

"ஏம்மா."

"சார்."

"நான் படிச்ச காலத்துல இது பாடத்துலயே கிடையாது. பொறவு பாடத்திட்டத்துல வந்துச்சு. யார்ட்ட போயிக் கேக்க? துறைத் தலைவர் போயி யார்ட்ட கேக்க?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதான் ஒவ்வொரு வருஷமும் விட்ருங்க, விட்ருங்கன்னு சொல்லிட்டே வந்துட்டேன். எத்தன பிள்ளையளுக்கு இந்தப் பத்து மார்க்கு போச்சோ."

அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"திங்கக்கிழமையும் நின்னேன், செவ்வாக்கிழமையும் நின்னேன். கட்டியாகுதுன்னு தெரியுது. அந்தச் சதுரம் ஏன் மத்த பக்கமாப் பிரியுதுன்னு மட்டும் பிடிபடல. வந்த வழியாவும் பிரியலாம்லா?"

"பிரியும் சார். வந்த வழியாவும் பிரியும். அப்படிப் பிரிஞ்சா நமக்கு ஒண்ணும் தெரியாது, அவ்வளவுதான்."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, எனக்கும் அவருக்கும் நடுவே வைத்தார்.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. மெதுவா."